டத்தோவுக்கு எடுத்த ஆரத்தி

பதினேழு வயதில் எனக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவுமே இல்லை. (யாரையாவது கேட்டால்தானே தெரியாதது தெரியவரும்? நான் யாரையுமே கேட்டதில்லை.)

அப்போது மலேசியாவில் லுக்குட் பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் படித்தேன். பழைய மாணவர்கள் திரும்பி வரும் நாளை அந்த வருடம் பெரிதாகக் கொண்டாடினார்கள். வழக்கமாக வரவேற்புக்குக் கொம்பாங் மேளம் மட்டும்தான். இந்த முறை சிறப்பு விருந்தினர் எஸ்டேட்டில் பிறந்து டத்தோ பட்டம் வரை வாங்கிய தமிழர். விடுவேனா? "ஆரத்தியும் எடுக்கிறோம் டீச்சர்" என்று மலாய்க்கார முதல்வரை நச்சரித்து அனுமதி வாங்கினேன். "ஏதாவது கோளாறு ஆச்சுன்னா இதுதான் முதலும் கடைசியும்" என்று சொல்லிவிட்டார். பள்ளித் தமிழ்ப் பிள்ளைகளின் மானம் மொத்தமும் என் தட்டில்.

தட்டில் கலக்கி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனால் பாதி ஆரத்தி ரோட்டுக்குத்தான். அதனால் மஞ்சளையும் சுண்ணாம்பையும் பொட்டலமாகக் கொண்டுபோய், கென்டினில் ஒரு ஜக்கு வாங்கி அதில் கரைத்தேன். கரைத்ததை எங்கே வைத்தேன்? மேடை விருந்தினருக்கென்று வைத்திருந்த ரோஜா சிராப் சர்பத் ஜக்குக்குப் பக்கத்தில். அதுவும் சிவப்பு, இதுவும் சிவப்பு. அடடா, என்ன மூளை!

"டத்தோ கார் வந்துருச்சு லா!" என்று தோழிகள் கத்தினார்கள். ஓடிப்போய் ஒரு ஜக்கைத் தூக்கித் தட்டில் ஊற்றினேன். வெற்றிலையில் சூடம் ஏற்றி, மூன்று சுற்று சுற்றி, டத்தோ நெற்றியில் பொட்டும் வைத்தேன். ரோஜா வாசனை கமகமவென்று வந்தது. (பக்தி முற்றினால் இப்படித்தான் மணக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். லூசு!)

மேடையில் பேசும்போது டத்தோ அடிக்கடி நெற்றியில் அடித்துக்கொண்டார். எஸ்டேட் நினைப்பில் உருகுகிறார் என்று நாங்கள் கைதட்டினோம். ஈ மொய்த்தது என்று அப்புறம்தான் தெரிந்தது.

பேசி முடித்தவருக்குத் தாகம். என் அண்ணன் குணா சுங்கை காடுட் ஃபேக்டரியில் வேலை செய்பவன், அவனும் பழைய மாணவன். மேசையில் மிச்சமிருந்த ஜக்கிலிருந்து ஒரு கிளாஸ் ஊற்றி, ஐஸும் போட்டு, "குடிங்க டத்தோ, ஜில்லுன்னு இருக்கும்" என்று நீட்டினான்.

டத்தோ ஒரு வாய் குடித்தார். அடுத்த நொடி அது பக்கத்திலிருந்த முதல்வரின் வெள்ளை பாஜு கூரோங் உடையில் இருந்தது.

நான் மேடைக்கு ஓடினேன். "டத்தோ... அது ஆரத்தித் தண்ணி" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. போச்சு, இனிமேல் இந்தப் பள்ளியில் ஆரத்தித் தட்டையே யாரும் தொட முடியாது என்று முடிவே கட்டிவிட்டேன்.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தார். "ஏம்மா, என் திருஷ்டி வயித்துக்குள்ள இருக்குன்னு உனக்கு யாரு சொன்னது?" என்றவர், கண்ணில் நீர் வரச் சிரித்தார். முதல்வருக்கும் மலாயில் விளக்கினார். அந்த அம்மா தன் உடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தீர்ப்புச் சொன்னார்: "அடுத்த வருடமும் ஆரத்தி உண்டு. சிராப்தான் கிடையாது." அன்றிலிருந்து அங்கே விருந்தினருக்கு பாட்டில் தண்ணீர்தான்.

ஊற்றிக் கொடுத்தது குணா. ஆனால் பழி மட்டும் எனக்கு! அவன் கல்யாணத்தில் நான் ஆரத்தித் தட்டோடு போனதும், மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றவன் பெண்ணின் காதில் ஊருக்கே கேட்கிற மாதிரி, "வாயை இறுக்கி மூடிக்க, என் தங்கச்சி வர்றா" என்றான். இப்போது வீட்டில் எந்த விசேஷத்துக்கு நான் தட்டை எடுத்தாலும், அவன் பிள்ளைகள் வரிசையாக வாயைப் பொத்திக்கொண்டுதான் நிற்கிறார்கள்.