அப்பாவின் கல்யாணமும் என் ஹிந்தியும்

எனக்கு ஹிந்தி தெரியாது. ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடக்கூடிய இந்த உண்மையை என் வாயிலிருந்து வரவழைக்க ஒரு சினிமா தியேட்டரும், மூன்று பெண்களும், நின்றுபோகவிருந்த அப்பாவின் கல்யாணமும் தேவைப்பட்டன.

அறவே தெரியாது என்றும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் படிக்கும்போது ஒரு மாஸ்டரிடம் டியூஷன் போய் இரண்டு பரீட்சை பாஸ் செய்திருந்தேன். அவர் கொடுக்கும் பதில்களைப் படம் வரைவதுபோல வரைந்து பழகி, பரீட்சையன்று அப்படியே தாளில் இறக்கி வைத்துவிட்டு வருவேன். பசுவைப் பற்றிப் பத்து வரி, தபால்காரரைப் பற்றிப் பத்து வரி. (தபால்காரருக்கு நான்கு கால்கள் என்று எழுதிவிட்டேனோ என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் உண்டு.) அந்த இரண்டு சான்றிதழ்களுக்கும் அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்குச் சமமாக மாட்டினார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கோயம்புத்தூர் கணபதியில் அப்பா சின்னதாக ஒரு பட்டறை வைத்து மோட்டார் பம்பு செய்துவந்தார். இந்தூரிலிருந்து ஒரு வியாபாரி ஹிந்தியில் கடிதம் போடுவார். அப்பா அதை என்னிடம் நீட்டுவார். நான் நெற்றியைச் சுருக்கி, உதட்டை அசைத்து, தாளைத் திருப்பிப் பார்த்து, கடைசியில் சொல்வேன்.

"பம்பு நல்லா ஓடுதாமுங்கப்பா."

"வேறென்ன எழுதியிருக்காரு?"

"உங்களை ரொம்பக் கேட்டதாச் சொல்லச் சொன்னாருங்க."

அப்பா குளிர்ந்துபோவார். பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "பையனுக்கு ஹிந்தி தண்ணிபட்ட பாடு" என்பார். நானும் அதை நம்பத் தொடங்கியிருந்தேன். அதுதான் வினை.

அம்மா போனபோது எனக்குப் பதினாலு வயது. அதற்கப்புறம் ஆறு வருஷம் நானும் அப்பாவும் மாற்றி மாற்றிச் சமைத்து, மாற்றி மாற்றிப் பொறுத்துக்கொண்டோம். காங்கேயத்திலிருந்து வந்துபோகும் ருக்குமணி அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, ஒருநாள் எங்கள் ரசத்தை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். அடுத்த மாதமே ஒரு சம்பந்தத்தோடு வந்து நின்றாள். மேட்டுப்பாளையத்தில் ஒரு அம்மா, பெயர் சரோஜினி. வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்துத் தவறிப்போனவர். அந்த வேலை இந்த அம்மாவுக்குக் கிடைத்து ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறார். ஒரே பெண், மகேஸ்வரி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள்.

அப்பாவுக்கு மனசுக்குள் விருப்பம்தான். ஆனால், "நாப்பத்தெட்டு வயசுல பொண்ணு பாக்கப் போயி பஜ்ஜி தின்னுட்டு உக்கோந்திருக்க என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டார். பொது இடத்தில் பார்க்கலாம் என்றால், கோயம்புத்தூரில் எந்தப் பொது இடத்தில் நின்றாலும் பம்பு வாங்கினவர் ஒருவர் வந்து தோளைத் தட்டுவார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"ஹிந்திப் படத்துக்குப் போலாமுங்கப்பா. தெரிஞ்சவங்க ஒருத்தரும் வரமாட்டாங்க. அர்த்தம் நான் சொல்றேன்."

எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு விக்கல் வந்திருக்கக் கூடாதா?

படத்தைத் தேர்ந்தெடுத்ததும் நானே. சுவரொட்டியில் ஒரு பெரிய குடும்பம் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. பெயரில் 'சௌதேலே' என்று ஒரு சொல். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டேன். 'சௌ' என்றால் நூறு. 'தேல்' என்றால் எண்ணெய். ஆக, நூறு எண்ணெய். எண்ணெய் மில் வைத்திருக்கும் குடும்பத்தின் கதை என்று முடிவு செய்து, அப்படியே வீட்டிலும் அறிவித்தேன். அத்தைக்குப் பரம சந்தோஷம். காங்கேயத்தில் அவள் புகுந்த வீட்டுக்கே எண்ணெய் மில் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மேட்னி. சரோஜினியம்மாவும் மகேஸ்வரியும் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். சரோஜினியம்மா அளவாகப் பேசினார், அழகாகச் சிரித்தார். சுவரொட்டியைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இந்தப் படத்துக்குங்களா?" என்றார் சரோஜினியம்மா.

"நானே பாத்து எடுத்தேனுங்க," என்றேன். "நமக்குப் பொருத்தமான கதைங்க."

மகேஸ்வரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா, நான், அத்தை, சரோஜினியம்மா, மகேஸ்வரி என்று வரிசையாக உட்கார்ந்தோம். படம் தொடங்கியது. ஒரு வீடு. சுவரில் மாலை போட்ட ஒரு பெண்ணின் படம். அதன்முன் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"என்னங் கண்ணு சொல்றான்?" என்றாள் அத்தை. அத்தையின் ரகசியக் குரல் பல்லடம் வரைக்கும் கேட்கும்.

"மில்லை ஆரம்பிச்ச அம்மாவாமுங்க. அவங்களைக் கும்புடறாருங்க."

அடுத்த காட்சியில் அவரும் வேறொரு பெண்ணும் மாலை மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பக்கம் இரண்டு பிள்ளைகள், இந்தப் பக்கம் இரண்டு பிள்ளைகள். நான்கும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. அப்போதுதான் எனக்குக் கதை விளங்கியது. மனைவியை இழந்தவர் ஒரு விதவையைக் கட்டிக்கொள்கிறார். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அடித்துக்கொள்ளப் போகின்றன. ஊரில் இத்தனை படம் ஓடும்போது இதற்கா கூட்டிவந்தேன்?

"கல்யாணமா கண்ணு?" என்றாள் அத்தை.

"இல்லீங்கத்தை. புது மில்லு தொறப்பு விழா."

"நெத்தியில குங்குமம் வெக்கறான்?"

"தொறப்பு விழான்னா குங்குமம் வெப்பாங்கல்லங்க."

அதற்கப்புறம் நடந்தது நரகம். திரையில் ஒருவன் மாற்றாந்தாய் மகளின் நாற்காலியில் பசை தடவினான். மில் எண்ணெயைச் சோதிக்கிறார்கள் என்றேன். அவள் அவன் சட்டையைக் கத்தரித்தாள். தையல் யூனிட்டும் வைத்திருக்கிறார்களாம் என்றேன். கூடத்தின் நடுவே சுண்ணாம்பால் கோடு கிழித்து வீட்டை இரண்டாகப் பிரித்தார்கள், கோலம் என்றேன். அத்தை ஒன்றையும் சும்மா விடவில்லை. "அப்பறம் ஏன் அடிச்சுக்கறாங்க?", "அந்தப் புள்ள ஏன் அழுவுது?", "மில்ல ஏன் இன்னும் காட்டல?" பின்வரிசை ஆர்.எஸ்.புரத்து சேட்டு குடும்பம் ஆறு தடவை உஸ் கொட்டியது. எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அப்பா மட்டும் ஒன்றும் கேட்காமல் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். சரோஜினியம்மா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பாவம், ஹிந்தி தெரியாததால் அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இடைவேளையில் கேண்டீன் பக்கம் ஒதுங்கி நின்றோம். கையில் தேங்காய் பன்னோடு சரோஜினியம்மா மெதுவாகச் சொன்னார்.

"நாங்க கெளம்பறமுங்க."

"ஏனுங்க? பாதி படம்தான் ஆச்சு," என்றாள் அத்தை.

அவர் என்னைப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"தம்பிக்கு இஷ்டமில்லீன்னா நேராவே சொல்லியிருக்கலாமுங்க. இப்படியொரு படத்துக்குக் கூட்டிட்டு வந்து காட்ட வேண்டியதில்லீங்க."

"எப்படியொரு படம்?" என்றார் அப்பா.

மகேஸ்வரி பதில் சொன்னாள். "சௌதேலேன்னா மாத்தாந்தாய் புள்ளைங்கன்னு அர்த்தமுங்க. நாங்க பதினோரு வருஷம் நாக்பூர்ல இருந்தோம். அப்பாவுக்கு அங்கதான் வேலை. உங்க பையன் சொன்ன ஒரு வார்த்தைகூட படத்துல இல்லீங்க."

அப்பா அத்தையைப் பார்த்தார். "அக்கா, இவங்க வடக்க இருந்தவங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமே. வடக்கன்னா நான் சத்தியமங்கலம்னு நெனச்சுப்போட்டேன்," என்றாள் அத்தை.

மகேஸ்வரி என் பக்கம் திரும்பி ஹிந்தியில் மடமடவென்று ஏதோ கேட்டாள். கடைசி முயற்சியாக மிடுக்கோடு "ஜீ ஹாங்" என்றேன். ஆமாம் என்று அர்த்தம். அவள் கேட்டது, உனக்கு மூளை கெட்டுவிட்டதா என்பது.

இனி எனக்கு இரண்டே வழி. திட்டமிட்டுக் கல்யாணத்தைக் கெடுக்க வந்த வில்லனாக இருக்கலாம். இல்லையென்றால் முட்டாளாக இருக்கலாம். அப்பா கையிலிருந்த டீயைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். காலையில் இரண்டு தடவை ஷேவ் செய்துகொண்டு புதுச் சட்டை போட்டு வந்தவர். அந்தச் சட்டையில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை எடுக்கக்கூட வீட்டில் ஆள் இல்லாமல், அது காலருக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வெட்கம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

"இஷ்டம் இருக்குதுங்க," என்றேன். "ஹிந்திதானுங்க இல்லே."

பரீட்சை, பசு, தபால்காரர், நூறு எண்ணெய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முதலில் அப்பாதான் வாயைத் திறந்தார்.

"அப்ப இந்தூர்க்காரரு லெட்டரு?"

நான் கேண்டீன் கண்ணாடிப் பெட்டியில் இருந்த பப்ஸ்களை எண்ணத் தொடங்கினேன்.

பக்கத்தில் ஒரு விநோதமான சத்தம் கேட்டது. சரோஜினியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று பயந்து அத்தை முதுகைத் தடவினாள். "நூறு எண்ணெய்," என்று அவர் திணறித் திணறிச் சொன்னபோதுதான் சிரிப்பென்று தெரிந்தது. மகேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. "மிச்சத்தைப் பாத்துட்டுப் போலாம்மா. இந்தத் தடவை அர்த்தம் நான் சொல்றேன்," என்றாள்.

சொன்னாள். நாயகன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து கத்தியபோது, "'தெரியாத வேலையில எறங்கிட்டேன், காப்பாத்துங்க'ங்கறானுங்கத்தை" என்றாள். வாத்தியார் ஒருவர் பிரம்பை ஓங்கியபோது, "'ரெண்டே பரீட்சை பாஸ் பண்ணிப்போட்டு என்ன பீத்தல்'னு கேக்கறாருங்க" என்றாள். அத்தை அதிசயித்துப்போய் என்னைப் பார்த்து, "உன்ற கதையாட்டவே இருக்குது சாமி" என்றாள். படம் முடிகிறவரைக்கும் திரையில் யார் அடிபட்டாலும் அது நானாகவே இருந்தேன்.

கடைசிக்குச் சற்று முன்னால், பிள்ளைகளின் சண்டை தாளாமல் அந்த இரண்டாம் மனைவி பெட்டியைக் கட்டினாள். மகேஸ்வரி திடீரென்று நிறுத்திவிட்டாள். அத்தை, "என்ன சொல்றா அந்தப் பொம்பள?" என்றாள். பிறகு சரோஜினியம்மாவே சொன்னார்.

"'நான் எடத்தைப் புடிக்க வரலே. எனக்கும் புள்ளைக்கும் ஒரு வீடுன்னு நெனச்சுத்தான் வந்தேன். அது இல்லீன்னா போயிர்றேன்'னு சொல்றாங்க."

அப்பா திரையைப் பார்த்தபடியே இருந்தார். தொண்டையைச் செருமினார்.

"போக வேண்டாமுன்னு சொல்லுங்க," என்றார்.

திரைக்குச் சொன்னாரா, பக்கத்தில் சொன்னாரா என்று யாருக்கும் தெரியாது. மூன்று நாற்காலி தள்ளி, "செரிங்க" என்று ஒரு பதில் வந்தது.

"ஆரு போறது? சத்தமாச் சொல்லுங்க, கேக்கல," என்றாள் அத்தை. அப்பாவின் வாழ்க்கையிலேயே முக்கியமான நிமிஷத்தில் பின்வரிசை ஏழாவது முறையாக உஸ் கொட்டியது.

அடுத்த மாதமே மருதமலையில் கல்யாணம். மறுவாரமே மகேஸ்வரி அக்கா இந்தூர்க் கடிதக் கட்டைப் பிரித்தாள். ஆறு கடிதத்திலும் ஒரே சேதிதான்: அனுப்பிய பம்பில் தண்ணீர் வரவில்லை. ஆறுக்கும் அப்பா, என் பேச்சைக் கேட்டு, நன்றிக் கடிதம் அனுப்பியிருந்தார். அக்கா அந்த மனுஷரைச் சமாதானம் செய்து, அப்படியே வடக்கத்தி வியாபாரம் முழுவதையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். எங்களுக்குள் சண்டைக்குக் குறைவில்லை. குளியலறைக்குச் சண்டை, டிவிக்குச் சண்டை. அந்தப் படத்தை எடுத்தவர்கள் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தால் இன்னும் நன்றாக எடுத்திருப்பார்கள்.

மூன்று வருஷம் கழித்து அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நாக்பூர், பழைய சிநேகிதக் குடும்பம். அறுபது பேர் ரயிலில் வந்து இறங்கப்போகிறார்கள். வரவேற்க நான்தான் போகவேண்டும், பெண்ணின் தம்பியாயிற்றே. புறப்படும்போது அம்மா (ஆமாம், அதற்குள் அம்மா ஆகியிருந்தார்) என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"கண்ணு, நீ எதுவும் பேச வேண்டாம். சிரிச்சா மட்டும் போதும்."

சிரித்தேன். இரண்டு நாள் முழுக்க, யார் என்ன கேட்டாலும், கையைக் கூப்பிச் சிரித்தேன். தலையை ஆட்டினேன். சைகையால் சாப்பாட்டுப் பந்திக்கு வழிகாட்டினேன். கிளம்பும்போது மாப்பிள்ளையின் பெரியம்மா என் கன்னத்தைத் தடவிக் கண் கலங்கினார். எதற்கென்று அப்போது புரியவில்லை.

இன்றைக்கும் நாக்பூரிலிருந்து பெரியவர்கள் யாராவது அக்காவிடம் பேசினால், வாய் பேச முடியாத அந்தத் தம்பி எப்படியிருக்கிறான் என்று இரக்கத்தோடு விசாரிக்கிறார்கள். அக்கா இதுவரை அவர்களைத் திருத்தவில்லை. முன்னைக்கு இப்போது கொஞ்சம் தேவலை என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, அதை எனக்கும் தமிழில் சொல்கிறாள்.