பதினைந்து அடி தள்ளி ஒரு வேதிவால் குருவி

கல்யாணத் தரகர் அவிழ்த்துவிடும் பொய்களை மாப்பிள்ளை கண்டும் காணாமல் விட்டுவிட வேண்டும். நானோ அதில் ஒன்றை உண்மையாக்கிக் காட்டக் கிளம்பினேன். வந்தது வினை.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. சங்கராபுரம் தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர். கச்சிராயபாளையத்தில் தேன்மொழி என்ற பெண்ணைப் பார்த்தோம், எனக்குப் பிடித்துப்போனது. அவளுடைய அப்பா கல்வராயன் மலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வளைவில் எந்தக் குருவி உட்காரும் என்பது வரை அவருக்கு அத்துப்படி. இதைத் தெரிந்துகொண்ட தரகர், "பையன் பறவை போட்டோலாம் எடுப்பாப்ல" என்று அடித்துவிட்டார். (அதுவரை நான் எடுத்திருந்த ஒரே பறவை, எங்கள் மொட்டை மாடியில் வடகம் திருடிய காக்கா. அந்தப் படத்திலும் வடகம்தான் தெளிவாக விழுந்திருந்தது.)

தேன்மொழியின் அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா தம்பி? மலைல வேதிவால் குருவி வரும். ஆண் குருவி, வெள்ளை வெளேர்னு, ஒரு முழத்துக்கு வாலு! இத்தினி வருசமா பாத்துக்கினு இருக்கேன், ஒரு போட்டோ இல்ல. வர்ற ஞாயித்துக்கெழமை போலாமா?"

குனிந்திருந்த தேன்மொழி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் யார் உண்மை பேசுவார்கள்?

"போலாம் மாமா."

என்னிடம் பழைய கேமரா இருந்தது. லென்ஸுக்காகக் கள்ளக்குறிச்சியில் கல்யாண ஸ்டூடியோ வைத்திருந்த நண்பன் அன்வரிடம் ஓடினேன். அவன் இரண்டு லென்ஸ்களை மேஜைமேல் வைத்தான். ஒன்று முந்நூறு எம்.எம்., தண்ணீர் பாட்டில் அளவு. இன்னொன்று அறுநூறு எம்.எம்., போர்வெல்லுக்கு இறக்கும் பைப்பை வெட்டிவைத்த மாதிரி.

"சின்னத எடுத்துக்கினு போடா. கையில புடிச்சி எடுக்கறதுக்கு இதான் சரி. வெயிட்டு கம்மி. பெருசுக்கு ஸ்டாண்டு வோணும். மரநிழல்ல வெளிச்சம் பத்தாது, கை லேசா ஆடினாகூட படம் கலங்கிப்பூடும். அப்புறம் இன்னொண்ணு..."

அந்த இன்னொன்று என் காதில் விழவில்லை. பெரிய லென்ஸைத் தோளில் சாத்திக்கொண்டு ஸ்டூடியோ கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் மாப்பிள்ளைக் களை வந்திருந்தது.

"சின்னத தூக்கிக்கினு போனா மாமனார் இன்னா நெனைப்பாரு?" என்றேன்.

"பெருசை நீ தூக்கிக்கினு போவ. வரும்போது உன்னை யாருனா தூக்கிக்கினு வரணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவும் தேன்மொழியும் நானும் பஸ்ஸில் போய் மலையில் இறங்கினோம். மாமா ஒரு மரத்தைக் காட்டி, "அது இன்னா தம்பி, சொல்லுங்க பாப்போம்?" என்றார்.

லென்ஸை மாட்டுவதில் மும்முரமாக இருந்த நான் நிமிராமலே, "அறுநூறு எம்.எம். மாமா" என்றேன். அவர் கேட்டது மரத்தில் கத்திய குருவியைப் பற்றி என்பது, தேன்மொழி வாயைப் பொத்திக்கொண்டபோதுதான் புரிந்தது.

பத்து நிமிடம் லென்ஸைத் தூக்கிப் பிடித்ததில் என் இரண்டு கைகளும் தனித்தனியாக ஆட ஆரம்பித்தன. எடுத்த படங்களில் மரங்களெல்லாம் புயலில் மாட்டியதுபோல் இருந்தன. மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "காத்து ஜாஸ்திதான்" என்றார். ஓர் இலைகூட அசையவில்லை.

அப்போதுதான் அது வந்தது. ஒரு சாமை வயலோரம், தாழ்ந்த கிளையில், என் மூக்குக்கு நேரே எட்டடியில் உட்கார்ந்து வாலைத் தொங்கவிட்டது. மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டார். நான் லென்ஸைத் தூக்கினேன். உள்ளே வெள்ளையாக ஒரு பஞ்சு மூட்டை. லென்ஸ் 'கர் கர்' என்று முன்னும் பின்னும் ஓடியது, பஞ்சு குருவியாகவில்லை. பதினைந்து அடிக்குள் எது இருந்தாலும் அந்த லென்ஸுக்குக் கண் தெரியாதாம். (அன்வர் சொல்லவந்த இன்னொன்று.) ஓரடி பின்னால் வைத்தேன். பஞ்சு கொஞ்சம் கெட்டியானது.

"ஏன் தம்பி பின்னாடி போறீங்க?" மாமா கிசுகிசுத்தார்.

"ரொம்ப கிட்ட குந்திக்கினு இருக்குது மாமா. தள்ளிப்போனாத்தான் தெரியும்."

"அப்ப கண்ணை எடுக்காதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றவருக்குள் பழைய கண்டக்டர் விழித்துக்கொண்டார். "வரலாம்... வரலாம்... லெஃப்ட்ல ஒடிச்சி வரலாம்..."

பஸ்ஸுக்குப் பின்னால் பார்த்த மனிதர், எனக்குப் பின்னால் பார்க்காமல் குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குருவி துல்லியமாகத் தெரிந்த அதே நொடியில் திரும்பிப் பார்த்து "ஹோல்டான்!" என்றார். என் கால் அதற்கு முன்பே தரையை விட்டிருந்தது.

எருக்குழி. இடுப்பு வரை சாணம். லென்ஸை மட்டும் இரண்டு கைகளாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தேன். வயல்காரர் ஓடிவந்து, "குழியில எறங்கி இன்னா சார் எடுக்கறீங்க?" என்று கேட்டார். குருவி பறக்கவில்லை. வேடிக்கை பார்த்தது.

சம்பந்தம் இத்தோடு முறிந்தது என்று நினைத்தேன். போகிற மானம் முழுசாகவே போகட்டும் என்று, "மாமா, எனக்கு பறவை போட்டோலாம் எடுக்கத் தெரியாது. தரகர் சொன்னது பொய்" என்றேன்.

"அறுநூறு எம்.எம். எந்த மரத்துலயும் கத்தாது தம்பி. அப்பவே தெரிஞ்சிப்போச்சி."

"அப்புறம் ஏன் மாமா சொல்லல?"

"எப்பதான் ஒத்துக்கறீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

தேன்மொழி குழி ஓரம் வந்து, "கையக் குடுங்க" என்றாள். நான் லென்ஸைக் கொடுத்தேன். அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் கையை நீட்டினாள். மாமா திடீரென்று வேறொரு மரத்தை ஆராயத் தொடங்கினார்.

ஓடையில் முடிந்தவரை கழுவியும் திரும்பும் பஸ்ஸில் கடைசி சீட் முழுவதும் எனக்கே கிடைத்தது. தை மாதம் கல்யாணம்.

நான் குழியில் விழுந்ததும் தேன்மொழி தன் செல்போனில் ஒரு படம் எடுத்திருக்கிறாள். அது இன்றும் மாமனார் வீட்டுக் கூடத்தில், எங்கள் கல்யாணப் போட்டோவைவிடப் பெரிதாகத் தொங்குகிறது. முன்னால் கிளையில் குருவி. பின்னால் குழிக்கு மேலே இரண்டு கைகளும் ஒரு லென்ஸும். யார் வந்தாலும், காபி வருவதற்குள் மாமா விளக்கிவிடுவார்:

"வாலு இருக்கறது வேதிவால் குருவி. லென்ஸ் இருக்கறது எங்க மாப்ள."