சென்சிட்டிவிட்டியைக் கடைசிவரை திருகியவன்

எந்தக் குமிழைக் கண்டாலும் அதைக் கடைசிவரை திருகிவிடுவது என் பிறவிக் குணம். ஃபேன் என்றால் ஐந்து, கீசர் என்றால் கொதிநிலை. இப்படிப்பட்டவன் கையில் உலோகம் கண்டுபிடிக்கும் மெட்டல் டிடெக்டர் கிடைத்தால் என்ன ஆகும்? கொல்கத்தா சால்ட் லேக்கில் எங்கள் பிளாக் பூங்காவைக் கேட்டால் சொல்லும்.

என் மச்சினி வித்யாவுக்கு ஒரு வங்காளிப் பையனுடன் நிச்சயமான மறுநாள் அது. மாப்பிள்ளையின் அம்மா தன் விரலிலிருந்தே கழற்றிப் போட்ட மோதிரம் வித்யாவுக்குக் கொஞ்சம் தொளதொள. முதல் நாள் மாலை பூங்காப் புல்லில் உட்கார்ந்து போட்டோ எடுத்தபோது எங்கோ நழுவிவிட்டது. சம்பந்தி வீட்டார் காலை பத்து மணிக்கு இட்லி சாப்பிட வருகிறார்கள்.

"அத்தான், ஏதாவது பண்ணுங்க. அந்த ஆன்ட்டி முதல்ல என் கையைத்தான் பார்ப்பாங்க" என்று வித்யா அழுதாள்.

நான் இப்படி ஒரு நாளுக்காகத்தான் மூன்று வாரம் முன்பு, ஆபீஸ் நண்பரிடமிருந்து அந்தக் கருவியை வாங்கியிருந்தேன். (அதுவரை கண்டுபிடித்தது: எங்கள் கட்டில்.)

பூங்காவில் இறங்கியதும் சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைத்தேன். எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவு ஆழம் பார்க்கும் என்பது என் கட்சி. விளக்குக் கம்பமும் அதன் அடியில் ஓடிய கரண்ட் கேபிளும் சேர்ந்துகொள்ள, கருவி பட்டாணி வறுப்பது போலப் பொரிந்தது. நாலு இடம் தோண்டினேன். நான்கிலும் சாக்லேட் சுற்றிய ஜிகினாத் தாள்.

"இந்தக் குப்பையை முதல்ல ஒதுக்கணும்" என்று நிபுணர் குரலில் அறிவித்தேன். வேண்டாத உலோகத்துக்கு வாய்ப்பூட்டு போட அதில் ஒரு வசதி உண்டு. திரையில் ஜிகினாத் தாளுக்கு வரும் எண்களையெல்லாம் அடைத்தேன். கருவி கப்சிப். அந்த நிசப்தத்தோடு பூங்காவை நான்கு முறை பெருக்கினேன்.

ஐந்தாம் முறை, நடுப் புல்வெளியில் கணீரென்று ஓர் ஒலி! திரையில் தொண்ணூறு!

"தங்கம்!" என்று கத்திவிட்டு, தோட்டக்காரரின் கடப்பாரையை வாங்கினேன்.

என் மனைவி கல்பனா குழிக்குள் எட்டிப் பார்த்தாள். "நேத்து விழுந்த மோதிரம் ஒரு முழம் கீழ எப்படிங்க போகும்?"

"ஈர மண் கல்பனா. தங்கம் கனம்." (நான் பொறியியல் பட்டதாரி.)

அடுத்த குத்தில் மண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் பீறிட்டது. செடிகளுக்குப் போகும் பழைய இரும்புக் குழாய். சரியாக அந்த நேரத்தில்தான் எங்களைத் தேடிக்கொண்டு சம்பந்தி தம்பதி பூங்காவுக்குள் வந்து குழியருகே நின்றார்கள். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, பட்டு ஜிப்பா, கையில் சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு வந்த சம்பந்தி, ஒரே நொடியில் கங்கையில் முங்கி எழுந்தவர் போல ஆகிவிட்டார்.

வித்யா ஓடிப்போய் அந்த அம்மாவிடம் அழுதபடியே உண்மையைச் சொல்லிவிட்டாள். அந்த அம்மாவோ கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சம்பந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எஞ்சினியர் பாபு, சோனா கோய்?" என்றார். தங்கம் எங்கே என்று கேட்கிறாராம்.

இதற்குள் கல்பனா கருவியோடு வந்த புத்தகத்தைப் புரட்டியிருந்தாள். "சின்னத் தங்க மோதிரமும் ஜிகினாத் தாளும் கிட்டத்தட்ட ஒரே நம்பர்லதான் காட்டுமாம். நீங்க எதை ஒதுக்குனீங்க?"

நான் கடப்பாரையைத் தோட்டக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

நான் அடைத்த எண்களை அவள் திறந்தாள். சென்சிட்டிவிட்டியைப் பாதிக்குக் குறைத்தாள். பொரிச்சல் நின்றது. போட்டோ எடுத்த இடத்தில் நிதானமாக வீசினாள். மூன்றாவது வீச்சில் மெலிதாக ஒரு 'டிங்'. புல்லை விலக்கியதும் மோதிரம் பளபளத்தது. அதைத் தாண்டி நான் நான்கு முறை நடந்திருக்கிறேன்.

ஈர ஜிப்பாவோடு சம்பந்தி கைதட்டினார். அன்று கல்பனா, வித்யா, அந்த அம்மா மூவரும் அடுக்களையில் என்னைப் பற்றிப் பேசிச் சிரித்ததில் வங்காளம், இந்தி, தமிழ் என்ற பேதமே இல்லை. பதினேழு இட்லி உள்ளே போனது.

கல்யாணத்தில் சம்பந்தி தன் உறவினர் அத்தனை பேருக்கும் என்னை 'கோலேர் மிஸ்திரி', அதாவது குழாய் ரிப்பேர்காரர், என்றே அறிமுகப்படுத்தினார். அவர்களில் பக்கத்து நியூ டவுனிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அதை அப்படியே நம்பி, தன் வீட்டுக் குழாய் ஒழுகுவதாகச் சொல்லி என் நம்பரைக் கேட்டார். அவ்வளவு பேர் முன்னால் மறுக்கக் கூச்சப்பட்டுக் கொடுத்துத் தொலைத்தேன். மாதம் ஒருமுறையாவது அவர் போன் வருகிறது. வாஷர் மாற்ற இப்போது எனக்கு நன்றாகவே வருகிறது.