வௌவாலும் ஒரு முழக் கேபிளும்

வௌவால் பேசுவதைக் கேட்டே தீருவது என்று முடிவு கட்டினேன். எங்கள் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு கொட்டகை இருக்கிறது. அதன் கூரையில் ஒரு பெரிய குடும்பமே தலைகீழாகக் குடியிருக்கிறது. அவை போடும் கூச்சல் நம் காதுக்கு எட்டாது. அவ்வளவு கீச்சு. அதைப் பிடித்துக் கணினிக்கு அனுப்பி, மெதுவாக ஓடவிட்டால் கேட்கலாமாம். இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சிக்கல் வேகத்தில்தான். ஒலி கணினிக்குள் எண்களாகத்தான் போகும்; ஒரு நொடிக்கு லட்சக்கணக்கில் எண்கள் வரும். அத்தனையையும் மைக்கிடமிருந்து வாங்கி, யூஎஸ்பி வழியாகக் கணினியில் கொட்ட ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அதாவது உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டி மின்னணு மூளை, வேண்டும். எந்தப் போர்டு என்று ஆராய, வீட்டில் உபரியாக இருந்த ஒரே அறையை ஆக்கிரமித்தேன்.

என் மனைவி புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். சாப்பாட்டு மேஜையில், தட்டுகளை ஒதுக்கிவிட்டுத்தான் வேலை பார்ப்பாள். அந்த அறைமேல் அவளுக்கு நெடுநாளாக ஒரு கண்.

"ஒரு எண்கூட விடாம வந்து சேரணும்," என்றாள் ஒரு நாள். "சேர்ந்துட்டா, கம்ப்யூட்டர் இருக்கிற இடம் உங்களுக்கே. நான் வாயே திறக்க மாட்டேன். சேரலேன்னா அறையைக் காலி பண்ணிடுங்க."

அவள் வாயே திறக்க மாட்டாளாம். உடனே ஒப்புக்கொண்டேன்.

அசுர வேகம் என்று அட்டையில் போட்டிருந்த போர்டை வாங்கினேன். அதை மாடியில் மைக்கோடு வைத்து, ஜன்னல் வழியே நீளக் கேபிள் இழுத்து அறைக்குக் கொண்டுவந்தேன். எதுவும் விட்டுப்போனால் தெரியட்டும் என்று, எண்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டுக்கும் வரிசை எண் போட்டிருந்தேன். திரையில் எண்கள் அருவியாகக் கொட்டின. பெருமையோடு நிறுத்திக் காட்டினேன்.

அவள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "நாப்பதுக்கு அப்புறம் அம்பத்தேழு வருது."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. பிரமிப்புதான் வந்தது. என்ன கண் அது!

ஆராய்ந்தால், போர்டின் மூளை வேகமானதுதான். ஆனால் யூஎஸ்பி வாசலில் தனியாக ஒரு குட்டி சிப் உட்கார்ந்துகொண்டு, எல்லாவற்றையும் டிக்கெட் கவுண்டர் போல ஒவ்வொன்றாக, நிதானமாக அனுப்பிக்கொண்டிருந்தது. அடுத்து, மூளைக்குள்ளேயே அதிவேக யூஎஸ்பி அமைந்த போர்டாகப் பார்த்து வாங்கினேன். அப்போதும் இடையிடையே ஓட்டை விழுந்தது. இந்த முறை குற்றவாளி கேபிள். அந்த வேகத்துக்கு அவ்வளவு நீளம் ஆகாது.

அன்று சாயங்காலம் அவளுக்கு விரிவாக வகுப்பெடுத்தேன். மைக் வௌவாலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். போர்டு மைக்கை ஒட்டி இருக்க வேண்டும். கேபிள் ஒரு முழம் இருந்தால் உத்தமம். கல்யாணமான நாளாக நான் பேசி அவள் இத்தனை பொறுமையாகக் கேட்டதில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"அப்போ முழக் கேபிளே போட்டுப் பாருங்களேன்," என்றாள். "மேஜையை ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்."

மேஜையையும் கணினியையும் கொட்டகைக்கு ஏற்றினோம். பொழுது சாய்ந்தது. வௌவால்கள் ஒவ்வொன்றாகக் கூரையை விட்டுப் பறந்தன. வரிசை எண்களை அவளே விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "பிழையில்லை," என்றாள்.

மெதுவாக ஓடவிட்டேன். நிசப்தம் என்று நான் நினைத்திருந்த அந்த மாலை முழுக்கப் பேச்சாக இருந்தது. இருட்டில் ஒன்று கூப்பிடுகிறது. திரும்பி வரும் எதிரொலியிலேயே வழி கண்டுபிடிக்கிறது. பூச்சியை நெருங்க நெருங்கப் படபடவென்று அடுக்குகிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம தலைக்கு மேலேயேவா இவ்வளவும் நடந்துக்கிட்டிருந்துச்சு?" என்றாள் மெதுவாக.

பதிவை இன்னொரு தடவை ஓடவிட்டேன். பிறகு எனக்குப் பந்தயம் ஞாபகம் வந்தது.

"ஒண்ணுகூட விடல. ஜெயிச்சுட்டேன்," என்றேன்.

"யார் இல்லேன்னது? கம்ப்யூட்டர் இருக்கிற இடம் உங்களுக்கேன்னு சொன்னேன். சொன்ன சொல் மாற மாட்டேன்." கொட்டகையைச் சுற்றிக் கையைக் காட்டிவிட்டு, படியிறங்கப் போனவள் திரும்பினாள். "கீழே என் அறைக்கு வர்றதா இருந்தா, கதவைத் தட்டிட்டு வாங்க."