மசூரின் டிப்ளோமாவும் நற்பிட்டிமுனைத் தண்ணீரும்

கல்முனை
13.07.1986

அன்பு மகன் மசூருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் வாப்பாவும் உம்மாவும் சுகம். சுவீடன் தேசத்தில் நீயும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம். சுகச் செய்தி இவ்வளவுதான். இனி எல்லாம் சண்டைச் செய்தி.

உலக நாடுகளிலிருந்து வந்த இருபது பேருக்கு அங்கே சமாதானம் படிப்பிக்கிறார்கள், ஊரில் உண்மையான பிணக்கொன்றை அந்தப் படிப்பின் முறைப்படி தீர்த்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட அறிக்கை அடுத்த மாதத்துக்குள் வராவிட்டால் டிப்ளோமா இல்லை என்று எழுதியிருந்தாய். முப்பது வருடம் தபாலதிபராக இருந்த வாப்பா உயிரோடு இருக்கும்போது உனக்கென்ன பயம்?

பிணக்குக்கு அலையவே தேவையில்லை. நற்பிட்டிமுனையில் அடுத்தடுத்து வயல் செய்யும் அப்துல் ஸமட்டும் கச்சிமுகம்மதுவும், வாய்க்கால் தண்ணீர் யாருக்கு முதலில் என்று மூன்று வருடமாக முகம் பார்த்துக் கதைப்பதில்லை. முந்தின கிழமை வெள்ளி ஜும்ஆ முடிய இருவரையும் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். 'வட்ட மேசையில் சமமாக இருத்துக' என்றது நீ அனுப்பிய விதிமுறைத் தாள். நமது மேசை நீளம். தலைப்பக்கம் யார் என்று புதுச்சண்டை வரும். ஆகவே பாயை விரித்து ஒரே சஹன் தட்டில் மூவருக்கும் சோறு வைத்தேன். தட்டும் வட்டம், பசியும் சமம். இதை உன் பேராசிரியருக்குச் சொல்.

ஆனால் சஹனில் நல்ல துண்டை மற்றவர் பக்கம் தள்ளுவதுதானே நமது மரியாதை? ஸமட் கோழிக்காலைத் தள்ளினார். எதிரியின் உபசாரம் எதற்கென்று கச்சிமுகம்மது திருப்பித் தள்ளினார்.

"தின்னுங்க மச்சான்!"

"நீங்க தின்னுங்க. நான் என்ன, கோழி காணாதவனா?"

அந்தக் கால் சோற்றின் மேல் ஏழு தடவை போய் வந்தது. கடைசியில் பூனை தீர்த்து வைத்தது.

நான் விட்டேனா? மூன்றாம் விதிக்குப் போனேன்: ஒவ்வொருவரும் எதிராளியாகவே மாறி அவரது முறைப்பாட்டைச் சொல்ல வேண்டும். ஸமட் தொடங்கினார்: "நான் கச்சிமுகம்மது. என்ட வயல் மேடு. தண்ணி ஏறவே ரெண்டு நாள் செல்லும். அதுக்குள்ள இந்த ஸமட் வாய்க்கால அடைச்சிருவான். என்ட புள்ளகள் என்னத்தத் தின்னுற?" கச்சிமுகம்மது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானே இவ்வளவு நல்லாச் சொன்னதில்லையே!" என்றார். பிறகு அவர் ஸமட்டாக மாறி, மணல் காணியில் தண்ணீர் நிற்காத கஷ்டத்தைச் சொன்னார். இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் அழுதேன். சந்தோஷம் தாங்கவில்லை, மகன்!

விடிந்ததும்தான் வினை. ஸமட் தன் முறைத் தண்ணீரைக் கச்சிமுகம்மதுவின் வயலுக்குத் திருப்பினார். அவர் அதை அடைத்து ஸமட் பக்கம் வெட்டிவிட்டார்.

"தண்ணி உங்கட!"

"உங்கடயெண்டு சொல்லுறன், விளங்கல்லையா?"

முந்தி எடுக்கச் சண்டை, இப்போது கொடுக்கச் சண்டை. எட்டு நாளாக இருவரும் மண்வெட்டியோடு வரம்பில் நிற்கிறார்கள். தண்ணீர் வீணாகக் கடலோரக் களப்புக்கு ஓடுகிறது. கதிர் தள்ளும் நேரத்தில் நெல் வாடுகிறது. இரண்டு குடும்பத்துச் சோறும் உன் டிப்ளோமாவும் ஒன்றாகக் கருகுமோ என்று பயமாயிருக்கிறது. தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை வந்து, "இந்தப் படிப்ப ஊருக்குள்ள கொண்டு வந்த ஆள் யாரு?" என்று கேட்டார். உன் தாளை அலுமாரியில் ஒளித்துவிட்டேன். "நான் ஒருக்காப் போய்ப் பாக்கட்டா?" என்றாள் உம்மா. இது வெளிநாட்டுப் படிப்பு, உனக்கு விளங்காது என்று சொல்லிவிட்டேன். அளவுக்கு மீறிச் சமாதானமானவர்களைக் கொஞ்சம் பகையாக்க ஏதும் விதி உண்டா? பேராசிரியரிடம் கேட்டு உடனே தந்தி அடி.

வல்ல நாயன் உன் படிப்பில் பறக்கத் செய்வானாக. அங்கே இப்போது கோடை என்றாலும், எதற்கும் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

துஆவுடன்,
வாப்பா முகைதீன்பாவா

பி.கு.: தந்தி வேண்டாம். மேலே எழுதியதை மறந்துவிடு. உறையை ஒட்டுமுன் உம்மா வயலிலிருந்து வந்தாள். இருவர் கையிலிருந்தும் மண்வெட்டியைப் பறித்து, இரு வயலுக்கும் தானே வாய்க்காலில் வாய் வெட்டிவிட்டாளாம். தண்ணீர் ஏறுகிறதாம். பின்னாலேயே வந்த ஸமட்டும் கச்சிமுகம்மதுவும் அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். 'தீர்த்து வைத்தவர்' என்ற இடத்தில் நான் பேனையை வைத்தேன். உம்மா தாளைப் பிடுங்கிக்கொண்டாள். அதிலிருந்து எங்களுக்குள் கதை பேச்சில்லை. அந்த இருவரும் இப்போது எங்களை எதிரெதிரே இருத்தியிருக்கிறார்கள். மூன்றாம் விதிப்படி உம்மாவின் முறைப்பாட்டை நான் சொல்ல வேண்டுமாம். முப்பத்திரண்டு வருட முறைப்பாடு, மகன். எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை.