கேட்டால் மட்டும் சொல்லும் அட்டை அண்ணன்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்து. மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் இருந்த அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த நாள். கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவர், கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த ஒரு நடுவயதுக்காரர். அட்டையில் மலையாளத்தில் ‘நான் கேட்பேன்’ என்று எழுதியிருந்தது.

“சொல்ல ஏதாவது இருக்கா?” என்றார்.

“இல்லீங்க.”

தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தார். “இப்போ?”

தான் எழுதும் புரோகிராமுக்கு இவ்வளவு விசுவாசமாக வாழ்ந்த மனிதர் கொச்சியில் வேறு யாரும் இல்லை. அவருக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பள நாளில் மட்டும் அது பயன்பட்டது. மற்ற நாட்களில் அட்டை அண்ணன். தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். தமிழ் பேசுவார், எழுத மலையாளம்தான் வரும்.

எங்கள் அலுவலகம் மிளகின் ஈரப்பதத்தைக் காட்டும் கைக்கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. அதற்கு ஒரே ஒரு யூஎஸ்பி வாய். அதைக் கணினியில் செருகினால் கருவி பணியாள்: கணினி கேட்கும், கருவி பதில் சொல்லும். லேபிள் அச்சடிக்கும் பிரிண்டரில் செருகினால் கருவி எஜமான்: அதுதான் கேட்கவேண்டும், மின்சாரமும் கொடுக்கவேண்டும். ஆளைப் பார்த்து வேஷம் மாற்றும் இந்த வேலையைச் செய்கிற டிரைவர் புரோகிராமை எழுதுவது அண்ணன் பொறுப்பு.

இரண்டு வேஷத்தையும் வாழ்ந்து பார்க்காமல் ஒரு வரிகூட எழுதமுடியாது என்பது அவர் கொள்கை. திங்கள் முதல் புதன் வரை எஜமான். ஓயாமல் எல்லோரையும் கேட்பார். மின்சாரம் கொடுப்பது எஜமான் கடமை என்பதால் எல்லோருக்கும் சாயா வாங்கித் தருவார். வியாழக்கிழமை காலை அட்டையைத் திருப்புவார். ‘கேட்டால் சொல்வேன்.’ அதன்பின் சனி மாலை வரை, யாராவது கேள்வி கேட்டால் ஒழிய அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

ஒரு வியாழனன்று அவர் மத்தியானம்தான் வந்து சேர்ந்தார். பஸ்ஸில் கண்டக்டர் எங்கே என்று கேட்காமல் தோளில் தட்டியிருக்கிறார். தோளில் தட்டுவது கேள்வி ஆகாது. சீட்டு வாங்காமலே பஸ் கடைசியாக நிற்கும் ஆலுவா வரை போய்த் திரும்பியிருந்தார். சாயாக்கடைக்காரர் என்னிடம் தனியாக விசாரித்தார்: “அந்த சேட்டன் பத்து மினிட்டா நிக்குது, வாய் திறந்து ஒண்ணும் மிண்டல. வீட்டில எதாவது பிரச்னையா?”

வீட்டில் பிரச்னை இல்லை. ஆனால் இதற்குமுன் இரண்டு கம்பெனிகள் அவரை வேலையைவிட்டு அனுப்பியிருந்தன. எங்கள் முதலாளியம்மாவை சேச்சி என்று அழைப்போம். அவர் ஒரு புதன்கிழமை அண்ணன் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“நாளை கழிஞ்சு ஏற்றுமதிக்காரர் வருது. அவருக்குப் பிடிச்சா நமக்கு ஓர்டர். இல்லேன்னா ஞான் இந்த செக்‌ஷன் பூட்டும். அப்புறம் நீ எவிட போகும்?”

“அதான் சேச்சி, எவிட போவேன்?” என்றார் அண்ணன். அன்று புதன். அவர் கேட்கும் நாள்.

வெள்ளிக்கிழமை ஏற்றுமதிக்காரர் தன் கிடங்கு ஆள் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். சேச்சி அண்ணனின் அட்டையைக் கழற்றி அலமாரியில் பூட்டியிருந்தார். என்னிடமும், “நீ வாய் திறக்கண்டா, கேட்டோ,” என்று சொல்லியிருந்தார்.

கருவியைக் கணினியில் செருகினோம். ஈரப்பதக் கணக்கெல்லாம் வரிசையாக வந்தது. உருவி, மேசைமேல் வைத்து, பிரிண்டரில் செருகினோம். லேபிள் வந்தது. ஏற்றுமதிக்காரர் தன் ஆளைப் பார்த்து, “நீ செய்யி,” என்றார்.

அந்த ஆள் நாள் முழுக்க மிளகு மூட்டை தைப்பவர். கணினியிலிருந்து உருவியதும் பிரிண்டரில் செருகியதும் எங்கள் கண்ணுக்கே தெரியவில்லை, அத்தனை வேகம். அண்ணன் தன் புரோகிராமில் மூன்று விநாடி இடைவெளி வைத்திருந்தார். “ஒரு வேலையை விட்டு எறங்கினவன் அடுத்ததுல ஒடனே ஒக்காரக் கூடாது தம்பி, மூச்சு விடணும்” என்று முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறார். மாதக்கணக்காகச் சோதித்த நாங்களும் உருவினால் மேசைமேல் வைத்து, மூச்சு விட்டு, பிறகே செருகுகிறவர்கள். கருவி மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பிரிண்டர் வந்து சேர்ந்துவிட்டது. அது வந்ததைக் கருவி கவனிக்கவில்லை. கருவி கேட்கட்டும் என்று பிரிண்டர் காத்திருந்தது. பிரிண்டர் கேட்கட்டும் என்று கருவியும் காத்திருந்தது.

ஏற்றுமதிக்காரர் கருவியைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

“நின்னு போச்சு,” என்றார்.

அது கேள்வி இல்லை.

“இவரு சொல்லும்,” என்றார் சேச்சி. அதுவும் இல்லை.

நான் வாய் திறக்கவில்லை. கீழே யாரோ கைவண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. ஏற்றுமதிக்காரர் ஒரு நிமிஷம் முழுக்க நின்றார், நல்ல மனிதர். பிறகு படியிறங்கினார். சேச்சி பின்னாலேயே ஓடினார்.

“அண்ணா, இதைச் சரி பண்ண முடியுமா?” என்று கேட்டேன்.

“முடியும்.”

“எவ்வளவு நேரமாகும்?”

“பத்து நிமிஷம்.”

“இதை அவர்கிட்ட சொல்லக்கூடாதா?”

“யாரும் கேக்கலியே.” நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, நான் ஒன்றும் கேட்காமலே, “நீ கேப்பியான்னு உன்னையும் பார்த்தேன் தம்பி,” என்றார்.

எட்டு நிமிஷத்தில் சரிசெய்தார். நான் ஆனமட்டும் வேகமாக நாற்பது தடவை மாற்றி மாற்றிச் செருகினேன். நாற்பது லேபிள் வந்தது. சேச்சி திரும்பி வந்து லேபிள்களைப் பார்த்தார். வேறு கம்பெனிக் கருவிக்கு ஏற்றுமதிக்காரர் படியிலேயே போனில் ஆர்டர் சொல்லிவிட்டார் என்று மட்டும் சொன்னார்.

அந்த மாதக் கடைசியில் செக்‌ஷனை மூடினார்கள். அந்த அறையில் இப்போது சுக்கு மூட்டைகள். அண்ணன் காயலுக்கு அக்கரையில், தேவராவில் பில் போடும் மெஷின்கள் பழுதுபார்க்கும் கடையில் இருக்கிறார். அங்கே யாரும் அவரை அட்டை அண்ணன் என்று கூப்பிடுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கக் கிளம்பினேன். மழையில் படகு ஓடவில்லை. பஸ்ஸில் போனேன். கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் தோளில் தட்டினார்; நானாகவே “தேவரா” என்றேன்.