போர்வைக்குள் ஒரு ஜெபவீரர்

கிறிஸ்தவர்களில் கத்தோலிக்கர் உண்டு, மெதடிஸ்தர் உண்டு, பெந்தெகொஸ்தர் உண்டு. இவர்கள் எல்லாருக்குள்ளும் பாகுபாடின்றிப் பரவியிருக்கிற இன்னொரு சபையும் உண்டு. அடுத்த திங்கட்கிழமை தொடக்கம் தினமும் ஜெபிக்கப்போகிறவர்களின் சபை. எந்தத் திங்கள் என்கிறீர்களா? அதை மட்டும் கேட்கக்கூடாது. நானும் இதில் ஆயுள் அங்கத்தவர்தான். ஆனாலும் தலைவர் பதவி ஜெர்மனியின் ஹம் நகரத்து அரியரத்தினத்துக்கே உரியது.

இந்த இனத்தை எதைக்கொண்டு அடையாளம் காண்பது? ஆயத்தத்தைக் கொண்டுதான். அரியரத்தினம் செய்த ஆயத்தத்துக்குள் சாலொமோன் இன்னொரு தேவாலயமே கட்டியிருப்பார். முதலில் ஜெபக் குறிப்பேடு வாங்கினார். பிறகு நன்றிக்குப் பச்சை, விண்ணப்பத்துக்கு நீலம், பாவ அறிக்கைக்குச் சிவப்பு என்று பேனைகள் வாங்கினார். முழங்கால் நோகாமலிருக்க மெத்தை, மெத்தைக்கு உறை, உறையின் நிறத்துக்குத் திரைச்சீலை ஒத்துவராததால் புதுத் திரைச்சீலை. சிவப்புப் பேனையின் மூடி இன்னும் திறக்கப்படவில்லை. ஒரே வருடத்தில் வேதாகமத்தை வாசித்து முடிக்கும் அட்டவணை ஒவ்வொரு புதுவருடமும் குளிர்பெட்டிக் கதவில் ஏறும். ஆதியாகமத்தில் மனிதர் குதிரைப் பாய்ச்சல் பாய்வார்; பெப்ரவரியில் லேவியராகமம் வரும், குதிரை படுத்துவிடும். இருபது வருடமாக எகிப்தைவிட்டுப் புறப்படுகிறார், கானானை ஒருநாளும் கண்டதில்லை.

"வேலைக்கு முப்பது வருசம் நாலு மணிக்கு எழும்பின மனிசன்," என்பார் மனைவி சுகன்யாதேவி. "ஆண்டவர் ஐஞ்சரைக்குத்தானே கேக்கிறார்?"

"இஞ்சாரும், இது பென்சன் எடுத்த உடம்பு. சடாரெண்டு எழும்ப ஏலாது."

"எழும்பாட்டி ஆண்டவர் வேலையால நிப்பாட்டமாட்டார். அந்தத் துணிவு உங்களுக்கு."

ஆனால் கூட்டத்தில் ஜெபிக்கச் சொல்லிப் பாருங்கள்! அரியரத்தினம் கண்ணை மூடினால் ஐந்து கண்டங்களையும் சுற்றி, அரசர் அதிபர் எல்லாரையும் ஆசீர்வதித்து, ஜெர்மனியின் காலநிலையையும் கண்டித்துவிட்டுத்தான் திறப்பார். அதற்குள் பெண்கள் புரியாணியை இரண்டாம் முறை சூடாக்கி முடித்திருப்பார்கள்.

இப்படியிருக்க, சபையில் பாலச்சந்திரனுக்கு இதய அறுவைச் சிகிச்சை என்று வந்தது. எசன் நகரத்து மருத்துவமனையில் நாள் குறித்தார்கள். உடனே ஜெபச் சங்கிலி ஒன்று தொடங்கினார்கள்: விடியப்புறம் ஆளுக்குக் கால் மணி நேரம்; தொடங்கும்போது வாட்ஸ்அப் குழுவில் கூப்பிய கைப் படம் ஒன்று, முடிக்கும்போது இன்னொன்று. அரியரத்தினத்துக்கு ஐந்தரை. முதல்நாள் முழங்காலில் நின்றார். இரண்டாம் நாள் கட்டிலில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் போர்வைக்குள்ளிருந்து கை மட்டும் எழும்பியது. ஐந்தரைக்கு ஓர் அலாரம், ஒரு கைப் படம், இடையில் குறட்டை, ஐந்தே முக்காலுக்கு இன்னோர் அலாரம், இன்னொரு கைப் படம். ஒருதரம் எழும்பப் பஞ்சிப்பட்ட மனிதர் நாள்தோறும் இரண்டுதரம் விழித்தார்.

பாலச்சந்திரனின் மனைவி மல்லிகா இதற்கு நன்றி வேறு சொன்னார். "அண்ணை, விடிய உங்கட கைப் படத்தைக் கண்டாத்தான் எனக்கு மூச்சு வருது."

"பயப்பிடாதேங்கோ மல்லிகா, நாங்கள் எல்லாரும் முழங்காலிலதான் நிக்கிறம்." சொல்லும்போது அவர் சாய்மனைக் கதிரையில் கிடந்தார்.

சிகிச்சை நாள் விடிந்தது. ஐந்தரைக்குக் கைப் படம் போனது. ஐந்து முப்பத்தைந்துக்குத் தொலைபேசி அடித்தது. மல்லிகா!

"அண்ணை, ஜெபத்தைக் குழப்பிறன், குறை நினையாதேங்கோ. ஹம் ஸ்ரேசனில நிக்கிறன். எசன் றெயில் அரை மணித்தியாலம் பிந்துதாம். ஏழு மணிக்கு அவரை உள்ளுக்குக் கொண்டுபோயிடுவினம், அதுக்கு முதல் முகத்தைப் பாப்பனோ தெரியேல்லை. எனக்குத் தனிய நிக்க ஏலாமக் கிடக்கு. நீங்கள் ஜெபிக்கிறதை அப்பிடியே விட்ட இடத்திலயிருந்து சத்தமாச் சொல்லுங்கோ. நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

விட்ட இடமா? விட்ட இடம் தலையணை. "சர்வ வல்லமையுள்ள..." என்று தொடங்கினார். ஐந்து கண்டங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. கொட்டாவிதான் வந்தது.

"அண்ணை?"

"மல்லிகா... நான் படுத்துக்கிடக்கிறன். இண்டைக்கும் ஜெபிக்கேல்லை. கன நாளா ஜெபிக்கேல்லை. கையை மட்டும்தான் அனுப்பினனான்."

மறுமுனையில் ரயில் நிலையத்து அறிவிப்புக் குரல் ஏதோ ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டது. அரியரத்தினத்துக்குத் தன் சார்பிலும் அதுவே கேட்பதுபோல் இருந்தது.

"இப்ப முழிச்சிட்டீங்கள்தானே?" என்றார் மல்லிகா.

"ஓம்."

"அப்ப இப்ப சொல்லுங்கோ."

அவர் எழும்பி உட்கார்ந்தார். "ஆண்டவரே, பாலச்சந்திரனைக் காப்பாத்தும். அவள் போய்ச் சேரும்வரைக்கும் அவளோட நில்லும். எனக்கு வேற ஒண்டும் சொல்லத் தெரியேல்லை." அவர் வாழ்நாளில் செய்த ஆகச் சிறிய ஜெபம் அது. மல்லிகா "ஆமென்" என்றார். பிறகு, "திரும்பச் சொல்லுங்கோ," என்றார். ரயில் வரும்வரை அதே மூன்று வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பாலச்சந்திரன் பிழைத்துவிட்டார். மல்லிகாவும் ஆறு ஐம்பதுக்கு அவர் முகத்தைப் பார்த்துவிட்டார். அரியரத்தினம் திருந்தினாரா? மறுநாள் எழும்பினார். அதற்கு மறுநாளும் எழும்பினார். அதற்கப்பால் என்னைக் கேட்காதீர்கள். சபையார் "தினசரி ஜெபத்தில் நிலைத்திருப்பது எப்படி" என்று அவரைப் பேசவைத்தார்கள். நாற்பது நிமிடம் பேசினார், போர்வையைப் பற்றி மூச்சும் விடவில்லை. முன்வரிசையில் இருந்த மல்லிகா மட்டும் வசனத்துக்கு வசனம், தேவைக்கும் அதிகமான சத்தத்தில், "ஆமென், அண்ணை!" என்றார்.

சிரிக்கிறீர்கள். அச்சொட்டாக எங்கள் மச்சான் மாதிரி என்கிறீர்கள். நல்லது. போன கிழமை ஒருவருக்கு "உங்களை ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன்" என்று எழுதி அனுப்பினீர்களே, அவர் பெயர் என்ன?

கைபேசியைப் பார்க்காமல் சொல்லுங்கள்.